நாற்பத்தொரு நிமிடம்

ரிச்சி தெருவில் வாங்கினேன்.
டிபன் டப்பாவைவிடச் சிறிய பெட்டி.
விற்ற ஜாபர் சொன்னான்:
"யாரோ யாரையோ பார்த்துப் பேசுவாங்க சார்,
நடுவுல கம்பெனி கிடையாது.
நீங்கதான் நடு."

மடிப்பாக்கம், மூன்றாம் மாடி,
ஷூ ஸ்டாண்டுக்கு மேலே வைத்தேன்.
பச்சை விளக்கு எரிந்தது.
அன்றிலிருந்து என் வீட்டு வழியாக
முகங்கள் போய்க்கொண்டிருக்கின்றன.

முகங்கள் என்று சொல்லக் கூடாது.
பூட்டிப் பொடித்த முகங்கள்.
ஒரு கன்னத்தின் துணுக்கு எனக்கு வரும்,
அடுத்தது ஆம்பூரில் ஒருவருக்கு,
இன்னொன்று லிஸ்பனில் எவளுக்கோ.
சாவி பேசுகிற இரண்டு பேரிடம் மட்டும்.

பெருங்குடியில் பதினோரு வருடம்
அடுத்தவர் பேச்சைக் கேட்பதற்கே சம்பளம் வாங்கியவன் நான்.
'தர மேம்பாட்டுக்காக' என்பார்கள்.
அழுதவர்களுக்கு மார்க் போட்டிருக்கிறேன்,
அவர்களிடம் பேசிய பிள்ளைகளுக்கும்.
இப்போது காதில்லாத வேலை.
உறையின் கனம் தெரியும், அவ்வளவுதான்.

சசிரேகா கேட்டாள், இந்த மாசம் எவ்வளவு?
டோக்கனை ரூபாயாக்கிச் சொன்னேன்.
"கரண்ட் பில்லுக்கே காணாது"
ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனாள்.

இதற்கு ஒரு பேரேடு உண்டு.
கணக்குப்பிள்ளை கிடையாது.
ஆயிரம் வீட்டில் ஆயிரம் நகல்,
ஒரு வீட்டில் அழித்தால்
மற்ற வீடுகள் ஒப்பாது.
பெயர் இருக்காது அதில்.
எண்ணும் எழுத்தும் கலந்த நீளமான வால்,
எத்தனை மணி, எவ்வளவு நேரம்.

தூக்கம் வராதபோது அதைத் திறப்பேன்,
மழை விட்டதா என்று ஜன்னலைத் திறப்பதுபோல.

ஏழு, பூஜ்யம், ஏழு என்று தொடங்கும் ஒருவர்
தினமும் ராத்திரி இரண்டு பத்துக்கு அழைப்பார்.
நாற்பத்தொரு நிமிடம்.
படம் நிறையப் போகும்.
ஒலி இருக்க வேண்டிய இடம் காலி.

விரல்களால் பேசுகிறவர்களோ.
தூங்கும் குழந்தையை ஒருவர் காட்ட
ஒருவர் பார்க்கிறாரோ.
சண்டையோ.
நாற்பத்தொரு நிமிடம் ஏன்,
எந்த ஊரின் சாப்பாட்டு இடைவேளை அது?
மார்க் போட்ட புத்தி
லேசில் போகாது.

டிசம்பரில் சப்ஸ்டேஷனுக்குள் தண்ணீர்.
தெருவில் முழங்கால் அளவு,
மிதக்கும் ஒற்றைச் செருப்பு.
ஃபைபர்காரன் மட்டும் எங்கோ ஜெனரேட்டர் போட்டிருந்தான்.
ஒன்று ஐம்பதுக்கு
இன்வெர்ட்டரில் ஒரே ஒரு கோடு.
ஃபேனை அணைத்தேன்.

"ஏன் அணைச்சீங்க?"
ரெண்டு பத்துக்கு ஒரு கால் இருக்கு.
"யாருக்கு?"
தெரியாது.

என் பெட்டி செத்தால்
ஆம்பூர் எடுத்துக்கொள்ளும், இல்லையென்றால் லிஸ்பன்.
அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள்,
யாரும் முக்கியமில்லை என்று.
அதையும் அவளிடம் சொன்னேன்.
கொசுவை அடித்தாள்.
எழுந்து வந்து, பழைய மின்கட்டண அட்டையால் விசிறியபடி
ஷூ ஸ்டாண்டு பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

இரண்டு பத்து. பச்சை துடித்தது.
யாருடையதோ ஒரு புருவம்
எங்கள் இருவருக்கும் நடுவே
இருட்டில் போனது.
இரண்டு ஐம்பத்தொன்றுக்கு நின்றது.
ஆறு நிமிடம் கழித்து
இன்வெர்ட்டர் கீச்சிட்டு அணைந்தது.

தைப் பொங்கலுக்குப் பிறகு
அதே எண், அதே நேரம்.
எதிர்முனை எடுக்கவில்லை.
மறுநாளும்.
ஒன்பது ராத்திரி:
பூஜ்யம் நொடி, பூஜ்யம் நொடி.
எடுக்காத அழைப்புக்கு டோக்கன் கிடையாது.
பதிவு உண்டு.
ஆயிரம் வீட்டிலும் உண்டு,
இனி யார் நினைத்தாலும் அழிக்க முடியாது.

காலையில் ஹெல்மெட் பட்டையைப் பூட்டிக்கொண்டே,
என்னைப் பார்க்காமல்,
சசிரேகா கேட்கிறாள்:

"எடுத்தாங்களா?"