பராமரிப்புப் பணி காரணமாக

பேப்பரில் வரும் முன்பே தெரியும் எனக்கு.
இலக்கியம்பட்டி ஃபீடர், காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை.
சுவிட்சை இறக்கப்போவதே நான்தான்.

முந்தாநாளே ஃப்ரீசரில்
ஐந்து தண்ணீர் பாட்டில்களைப் படுக்கவைத்தேன்.
மட்டனோடு வந்த கோகிலவாணி
திறந்து பார்த்தாள், மூடினாள்.
அன்றைக்கே குழம்பு வைத்துவிட்டாள்.

இரண்டரை அடித் தொட்டி. ஏழு மீன்.
எட்டாவது, போன சித்திரையில்
நான் நல்லம்பள்ளியில் கம்பத்தின் மேல் இருந்தபோது
மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து,
மூடாமலே போனது.
சூடான தண்ணீரில் காற்று தங்காதாம்.
"ஐஸை அப்படியே கொட்டிடாதீங்க சார்,
ஷாக்லயே செத்துரும்" என்றார் கடைக்காரர்.
ஷாக்கைப் பற்றி
என்னிடம் சொல்கிறார்.

காலையில் மூடியை எடுத்துக் கொசுவலை கட்டி,
விளக்கைப் பிடுங்கி, தீனியைப் பாதியாக்கி,
ஜன்னலில் ஈரப்போர்வை தொங்கவிட்டு
ஒரு பாட்டிலை மிதக்கவிட்டுக் கிளம்பினேன்.
"உருகினதும் அடுத்தது. ரெண்டு சேத்துப் போடாத."
"சரிங்க டாக்டர்."

வற்றி வற்றி இறங்கிய மட்டங்கள்
தொட்டிக் கண்ணாடியில் வெள்ளைக் கோடுகளாக நிற்கின்றன.
எங்கள் போர் தண்ணீர் அப்படித்தான்,
கண்ணாடியில் வெள்ளையாக எழுதும்
என் பல்லில் பழுப்பாக எழுதியிருக்கிறது.
மீனுக்கு மட்டும் இப்போது ஒகேனக்கல் தண்ணீர்.

பதினொன்றரை.
கையுறைக்குள் விரல்கள் வெந்துகொண்டிருந்தன.
உச்சியிலிருந்து பார்த்தால் எங்கள் மாடி,
கறுப்பு சிண்டெக்ஸ்,
அதற்குக் கீழே எங்கோ ஏழு மீன்.
ஊரே என்னைத் திட்டிக்கொண்டிருக்கும் நேரம்.

கீழே தீர்த்தகிரி ஃபோனை ஸ்பீக்கரில் போட்டான்.
"அண்ணா, மூணாவது தெரு. அவங்க அப்பாவோட
இன்சுலின் ஃப்ரிஜ்ல இருக்குதாம். கெட்டுப்போயிருமான்னு கேக்கறாங்க."
கம்பத்தின் மேலிருந்து கத்தினேன்:
ஐஸ்ல நேரா வைக்க வேணாம்,
துணி சுத்திப் பக்கத்துல வைக்கச் சொல்லு.
ஐஸ் இல்லையாம்.
கொஞ்ச நேரம் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
எங்க வீட்டுக்குப் போகச் சொல்லு, என்றேன்.
ரெண்டு பாட்டில்.

கணக்கு சுலபம். ஐந்தில் ஒன்று போச்சு,
இரண்டு போச்சு, மிச்சம் இரண்டு,
மூன்றரை மணிக்கு மேல் எதுவுமில்லை.

நாலு மணிக்குக் கூப்பிட்டேன்.
மூச்சு வாங்கப் பேசினாள்.
தொட்டித் தண்ணீரைச் சொம்பில் மொண்டு
மேலிருந்து மெல்ல ஊற்றுகிறாளாம்,
திரும்ப மொண்டு, திரும்ப ஊற்றி,
டீ ஆத்துற மாதிரி.
எவ்வளவு நேரமாக?
"கை மரத்துப்போன நேரமா."

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்க வேலை முடிந்தது.
கைப்பிடியை ஏற்றினேன்.
தெரு முழுக்க மோட்டார்கள் செருமின,
யார் வீட்டிலோ டிவி பாதி வசனத்தில் எழுந்தது.
எங்கள் வீட்டில் சுண்டுவிரல் தடிமன் குழாயில்
குமிழி வந்திருக்கும்.
இங்கே கேட்காது.

ஃபோன் அடித்தது.
"கரண்ட் வந்துருச்சுங்க" என்றாள்.
என்னிடமே சொல்கிறாள்.

மீன்?

"இரு, எண்ணிக்கிட்டிருக்கேன்.
நிக்க மாட்டேங்குதுங்க."