இருபத்து நான்கு ஓட்டைகள்

தார்த்து நகரில், ஆற்றுக்கு இந்தப் பக்கம்,
மஞ்சள் சுவர் வைத்த மழலையர் பள்ளி.
அங்கே பழுது பார்ப்பவன் நான், பெயர் ஹெய்னோ.
கதவு கிறீச்சிட்டால் கூப்பிடுவார்கள்,
குழாய் உறைந்தால் கூப்பிடுவார்கள்.
பிள்ளைகளைப் பற்றி என்னிடம் யாரும் பேசியதில்லை.

செப்டம்பரில் ஒரு தாள் வந்தது:
லேலோ. வயது நான்கரை. சக்கர நாற்காலி.
கோட் மாட்டும் கொக்கி ஒன்று, எழுபது சென்டிமீட்டரில்.
ஒன்று என்றால் ஒன்று.
ஒன்றைத்தான் இறக்கினேன்.
அதன்மேல் முள்ளெலிப் படம் ஒட்டினார் மாரிகா டீச்சர்.
மற்ற இருபத்து மூன்றும் மேலே, வரிசையாக.
முள்ளெலி கீழே.

லேலோ வந்தாள். சுவரைப் பார்த்தாள்.
நன்றி சொல்வாள் என்று
திருப்புளியும் கையுமாக நின்றிருந்தேன்
(இப்போது நினைத்தால் வெட்கம்).
அவள் கேட்டாள்:
"என்னுது மட்டும் ஏன் கீழே விழுந்துருச்சு?"

அன்றிரவு தூங்கவில்லை என்று சொன்னால் பொய்.
நன்றாகவே தூங்கினேன்.
காலையில் பூட்ஸுக்குள் கால் விடும்போதுதான்
குதிகாலில் கல்லாகக் குத்தியது.

எல்லாவற்றையும் இறக்கினேன்,
யாரிடமும் கேட்காமல்.
நிர்வாகி வந்து நின்றார்.
ஒரு பிள்ளைக்காக இருபத்து நான்கா?
வளர்ந்த பிள்ளை குனிவான், குட்டையானவள் வளைய முடியாது,
இது தச்சுக் கணக்கு என்றேன்.
அவருக்குப் புரிந்ததா தெரியாது.
போய்விட்டார்.

அதன்பிறகு கண் கெட்டுப்போயிற்று எனக்கு.
எதைப் பார்த்தாலும்
அது யாரையோ வெளியே நிறுத்தியிருந்தது.

மணியையே எடுத்துக்கொள்ளுங்கள்.
அது அலறும்போதெல்லாம் காஸ்பர்
மேசைக்கடியில் காதைப் பொத்திக்கொண்டு கிடப்பான்.
பழகிக்கொள்வான் என்று சொல்லிச் சொல்லி
இரண்டு வருடம்.
கழற்றினேன். பச்சை விளக்கு ஒன்று மாட்டினேன்.
முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவனுக்கு விளக்கு தெரியாதே?
லேலோ சக்கரத்தை உருட்டிப் போய்
தோளில் தட்டுகிறாள்.
அவளாகவே எடுத்துக்கொண்ட வேலை.

கரண்டி டப்பாவில் "லூசிகஸ்" என்று எழுதியிருந்தது.
கார்கிவிலிருந்து வந்த ஸ்லாவாவின் அம்மா
பக்கத்தில் "லோஷ்கா" என்று எழுதினார்.
இப்போது சூப் வந்ததும் வகுப்பே
லோஷ்கா, லோஷ்கா என்று கத்துகிறது.
ஸ்லாவா மட்டும் லூசிகஸ் கேட்கிறாள்.

மேலே இருந்த பழைய ஓட்டைகளைப்
பட்டி வைத்து அடைத்தேன்.
மஞ்சள் ஒத்துப்போகவில்லை.
வெயில் சாய்வாக விழும் நேரத்தில்
இருபத்து நான்கும் அம்மைத் தழும்பு போலத் தெரியும்.
முழுச் சுவருக்கும் பெயிண்ட் அடிக்கலாமா என்று மாரிகா கேட்டார்.
இருக்கட்டும் என்றேன்.
எட்டாத உயரம் ஒன்று இங்கே இருந்ததைச்
சுவராவது மறக்காமல் இருக்கட்டும்.

பெரிதாகச் சொல்லிவிட்டேன்.
இன்று ஏப்ரல் ஒன்பது. பனி உருகி
மணல்தொட்டி வெளியே வந்திருக்கிறது.
சுற்றிலும் முழங்கால் உயரப் பலகை,
போன கோடையில் நான் இழைத்து இழைத்துப் போட்டது,
எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டியது.

அதன் ஓரத்தில் லேலோ.
மடியில் சிவப்பு வாளி.
என்னைக் கூப்பிடவில்லை.
பலகையைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள்.

ரம்பத்தை எங்கே வைத்தேன்?