கைக்கடிகாரம் கட்டிய வீரன்

மூன்று பாண்டிய வீரர்கள் மூடுபனிக்குள் நுழைந்து
எண்ணூறு வருஷம் தள்ளி வெளியே வருகிறார்கள்,
பூம்பாறை செக்போஸ்ட் பக்கத்தில்.
அதுதான் கதை.
மூன்றாவது ஆள் நான்.

படத்தின் பெயர் காலக்கணவாய்.
வத்தலக்குண்டில் நாலு நாள் ஓடியது.
நாலாம் நாள் இரவுக் காட்சிக்குப் பதினோரு பேர்,
அதில் இரண்டு பேர் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்கள்.

எடுத்தவர் இன்னாசி அண்ணன்,
அதுவரை கல்யாண வீடியோ பிடித்துக்கொண்டிருந்தவர்.
பணம் போட்ட வெற்றிலைக் கமிஷன்காரர்
மன்னர் வேஷத்தைத் தானே வைத்துக்கொண்டார்.
கால இயந்திரம் செய்யக் காசில்லை.
"பனி எதுக்குடா இருக்கு? சும்மா கெடைக்குது."
சும்மா கிடைப்பது சொன்ன நேரத்துக்கு வராது.
ஒன்பது நாள் மன்னவனூர்ப் புல்வெளியில்
வெயில் பளிச்சென்று அடித்தது,
ஆடுகள் எங்களைச் சுற்றிக்கொண்டு மேய்ந்தன,
ஃபைபர் கவசத்துக்குள் வேர்த்து நாறினோம்.
கதைப்படி குறிஞ்சி பூத்திருக்க வேண்டும்.
அதற்கு இன்னும் ஏழு வருஷம் என்றார் வனக்காவலர்.
மூஞ்சிக்கல் கடையில் ஊதாக் காகிதம் வாங்கினோம்.

குதிரை ஒன்றே ஒன்று,
ஏரிக்கரையில் சுற்றுலாக்காரர்களைச் சுமப்பது.
போர்க்களத்திலும் அரை ஃபர்லாங் ஓடித்
தானாகவே திரும்பி வந்து நின்றது,
இறங்கு என்பதுபோல.

பைன் மரங்களைப் பார்த்து நான் பேச வேண்டிய வசனம்:
"யாது இவ்விருட்சம்? எம் மலையில் இதனைக் கண்டிலேனே!"
நாக்கு புரளவில்லை.
திண்டுக்கல் தமிழ் வாத்தியார் ஒருவர் பிற்பாடு குரல் கொடுத்தார்.
கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது.
பைன், தைலமரம், சீகை, உருளைக்கிழங்கு, கேரட்.
நான் லாரியில் ஏற்றி இறக்கிய எதையும்
அந்த வீரன் பார்த்திருக்க மாட்டான்.
பூண்டு? பூண்டை அறிந்திருப்பான்.
பூண்டு மூட்டைகளுக்கு முன்னால் மட்டும்
எனக்கு நடிப்பு நன்றாக வந்தது.

தியேட்டரே சிரித்த இடம் ஒன்று உண்டு.
நான் வேலை ஓங்கும்போது
மணிக்கட்டில் எச்எம்டி மின்னும்.
மறந்து கட்டியதில்லை அது.
நாலு மணிக்கு ஒட்டன்சத்திரம் லோடு.
மூன்றே முக்காலுக்கே மைக்கேல்ராஜ் வண்டியைக் கிளப்பி
உறும விட்டுக்கொண்டிருப்பார்.
எண்ணூறு வருஷம் தாண்டி வந்தவனுக்குக்
கால் மணி நேரம் கைவசம் இல்லை.

பத்தாம் நாள் பனி இறங்கியது, நாலு பத்துக்கு.
அண்ணன் அழுதுவிட்டாராம்.
குருவாண்டியும் சூசையும் தோளோடு தோள் உரச
அதற்குள் நடந்து தங்கள் காலத்துக்குத் திரும்பினார்கள்.
நான் வழியில் பெருமாள்மலையில்
தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தேன்.
டப்பிங்கில் ஒரு வரி சேர்த்தார்கள்:
"அவன் அக்காலத்திலேயே தங்கிவிட்டான், மன்னா."
மன்னர் ஏன் என்று கேட்கவில்லை.
அடுத்த காட்சிக்கு ஃபிலிம் தீர்ந்திருந்தது.

போன மாசம் மகள் போனில் காட்டினாள்,
யாரோ ஏற்றிவைத்த பிரதி,
இரண்டு இடத்தில் குறுக்கே கோடு விழுகிறது.
இருநூற்றுப் பதினாலு பேர் பார்த்திருக்கிறார்கள்.
"அப்பா, வாட்ச்!" என்று அவளும் சிரித்தாள்.
கடைசிக் காட்சியை மூன்று தரம் ஓட்டச் சொன்னேன்.
சூசை கொரோனாவில் போனான்.
குருவாண்டி அதற்கும் முன்னால், டம்டம் பாறை வளைவில்.
போனில் இரண்டு பேரும் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார்கள்.
பனி முதலில் கால்களை எடுத்துக்கொள்கிறது,
அப்புறம் கவசங்களை,
கடைசியில் சூசையின் வேல்முனையை.

இப்போது எனக்குச் சொந்த ஜீப்.
ராத்திரி பூம்பாறை இறக்கத்தில் பனி கட்டினால்
மஞ்சள் விளக்கைப் போட்டு
வளைவுக்கு முன்னால் ஹாரன் அடிப்பேன்.
எதிரே ஆள் வருகிறதா என்று நிற்பேன்,
நிற்க வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாக.
பின்சீட்டுக்காரர்கள் பொறுமையிழந்து கேட்பார்கள்,
"என்னண்ணே, யாராவது வர்றாங்களா?"
மணியைப் பார்ப்பேன்.
"வரலாம்."