சென்னப்பன் கேட்ட வெள்ளி

பாலக்கோட்டில் விதைக்கடை மாடியில் எங்கள் பல் ஆஸ்பத்திரி.
நாற்காலி ஒன்று. கம்ப்ரஸர் ஒன்று.
டாக்டரம்மா. நான்.

வாயைத் திறந்தால் எனக்கு ஊர் தெரிந்துவிடும்.
பழுப்பு வரி ஓடினால்
பென்னாகரம் பக்கத்து ஆழ்துளைக் கிணறு.
வெறும் சுண்ணாம்புத் திட்டு என்றால்
ஒகேனக்கல் தண்ணீர் வந்தபின் பிறந்த பிள்ளை.
"பீடி பிடிப்பீங்களான்னு யாரையும் கேட்காதே.
தண்ணி குடிச்சாங்க, அவ்வளவுதான்."
நான் சேர்ந்த அன்று டாக்டரம்மா சொன்னது.

செவ்வாய்க்கிழமை, தக்காளியை இறக்கிவிட்டு வந்தார் சென்னப்பன்.
நகக்கண்ணில் காம்பின் பச்சை.
கீழ்க் கடைவாயில் பழைய வெள்ளி அடைப்பு
ஓரம் உடைந்து நாக்கைக் கீறிக்கொண்டிருந்தது.
டிரில் இறங்கியது.
சாம்பல் நிறத்தில் ஏதோ தண்ணீரோடு சுழன்று
உறிஞ்சுகுழாய்க்குள் போனது.

மூன்று வருடம் முன்புவரை
அந்தக் குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு
பின்பக்கச் சாக்கடைக்குப் போகும்.
மழை பெய்தால் சாக்கடை ஏரிக்கு.
சல்லடையை நான்தான் வாஷ்பேசினில் தட்டிக் கழுவுவேன்.
சுத்தக்காரி என்று பேர் வாங்கியவள்.
மினுமினுத்துச் சறுக்கிய அந்தப் பொடியை
எத்தனை சாயங்காலம் வழியனுப்பினேனோ.

பிறகு ஒரு தாள் வந்தது.
அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறது.
பாதரசம் கலந்த எதையும் தொட்டியில் கொட்டாதே.
மஞ்சள் பையில் போடாதே,
எரித்தால் புகையாகும், புகை எங்கேயாவது மழையாகும்.
ப்ளீச்சிங் ஊற்றிக் குழாயைக் கழுவாதே.
தண்ணீருக்கடியில், இறுகிய மூடிக்குள் வை.
எடை எழுது.

பாட்டில் என் வீட்டுடையது. மாவடு இருந்தது.
எத்தனை கழுவியும் மூடியில் கடுகு வாசனை.
நாற்காலிக்கடியில் நீரையும் துகளையும் பிரிக்கிற பெட்டி மட்டும்
எக்ஸ்ரே மெஷினுக்குச் சேர்த்த பணத்தில் வந்தது.
அதனால் எக்ஸ்ரேவுக்கு இன்னும் தருமபுரிக்கு அனுப்புகிறோம்.
பஸ் காசைச் சொல்லி என்னைத் திட்டுகிறார்கள்.

வாய் கொப்பளித்துவிட்டு சென்னப்பன் கேட்டார்:
"எடுத்த வெள்ளி எங்கம்மா?"
பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்த்தபோது
ஒரு வாரக் கூலி கொடுத்து அடைத்ததாம்.
"என் காசு. குடுத்துடு.
மகள் கொலுசுக்குத் திருகாணி போச்சு, அதுக்காவது ஆகும்."

"பாதி பாதரசங்க. தர முடியாது."

"ரசமா?"

"ரசம் போன கண்ணாடின்னு சொல்றோமே, அந்த ரசம்."

நாக்கால் குழியைத் தடவிப் பார்த்தார்.
"இருபத்திரண்டு வருசம் என் வாயிலே கிடந்தப்போ வராத விஷம்
சாக்கடைக்குப் போனா மட்டும் வந்துருமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை.
டாக்டரம்மா கையுறையை உரித்தபடி சொன்னார்:
"பல்லுக்குள்ளே கட்டிக் கிடந்துச்சு.
சேத்துல விட்டா வேற உருவம் எடுக்கும்.
புழு தின்னும். புழுவைக் கெண்டை தின்னும்."

"ஏரி மீன் குத்தகை என் மச்சான்தான் எடுத்திருக்கான்,"
என்றார் சென்னப்பன், யாருக்கும் இல்லாமல்.

கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம்.

பிறகு சிரித்தார். பழுப்பு வரிகள் முழுக்கத் தெரிய.
"எங்க ஊருத் தண்ணி எங்க பல்லைத் தின்னுச்சு.
பதிலுக்கு எங்க பல்லை அதுக்கு ஊட்டாதேங்கறீங்க.
சரி. எழுதிக்கோ."
நோட்டில் நோயாளி பெயருக்குக் கட்டம் இல்லை.
எடைக்குப் பக்கத்தில், கோட்டுக்கு வெளியே,
அவரே எழுதினார்: மு. சென்னப்பன், 0.6 கிராம்.
கடன் கொடுத்தவர் எழுதுகிற மாதிரி.

சேலத்திலிருந்து வருகிற வண்டி பைகளை எடுக்கும்.
பாட்டிலைத் தொடாது.
அதற்கென்று உள்ள கம்பெனிக்குப் போன் போட்டால்
ஐந்து கிலோ சேரட்டும் என்கிறார்கள்.
இதுவரை முந்நூற்று நாற்பது கிராம்.
என் கணக்குப்படி இன்னும் நாற்பத்தொரு வருடம்.

நேற்று மழை. பின்பக்கச் சாக்கடை நுரைத்து ஓடியது.
ஜன்னலை மூடினேன்.
ஏற்கெனவே இறுகியிருந்த மூடியை
இன்னொரு முறை திருகினேன்.
கையில் கடுகு வாசனை.