ஏழாம் வில்லை

மண்டபம் முகாமில் எங்கள் ஜன்னல் கம்பிக்கு
வருஷம் தவறாமல் பெயின்ட் அடிக்கிறோம்.
கச்சான் காற்று எட்டே மாதத்தில் தின்றுவிடும்.
என் ஸ்கூட்டருக்கு இது மூன்றாவது சைலன்சர்.

ஜன்னலுக்கு இப்பால்
ஆயிரம் டிகிரியில் ஓர் உலை.
உள்ளே கட்டைவிரல் நகமளவில் பன்னிரண்டு வில்லைகள்:
நிக்கல், குரோமியம், கொஞ்சம் அலுமினியம்.
ஒரு மணி நேரம் தீ, கால் மணி காற்று,
மறுபடி தீ.
ஐந்நூறு முறை.

எடை போடுவது நானும் பனைக்குளம் மஃப்ரூஹாவும்.
தராசின் முன் மூச்சை அடக்கிக்கொள்வோம்.
அதற்கு மூச்சும் ஒரு கனம்.

எடை கூடினால் பயமில்லை.
கூடியது காற்று.
வந்து உட்கார்ந்து, தோலாகிவிட்டது.
குறைந்தால்தான் பயம்:
உரிந்த தோல் பீங்கான் குவளையின் அடியில்
கருந்தூளாய்க் கிடக்கும்.

அதுவும் சூட்டில் உரிவதில்லை.
வெளியே எடுத்து ஆறவிடும்போது
‘ட்ரிக்’கென்று ஒரு சத்தம்.
உலோகம் சுருங்குகிற அளவுக்குத்
தோலுக்குச் சுருங்கத் தெரியாது.
இத்தனை நாள் ஒன்றாக வெந்தவைதான் இரண்டும்.

மூன்றாம் வில்லைக்கு உப்பும் கந்தகமும் பூசிப் பார்த்தோம்.
இந்தக் கரையில் நிற்கிற டர்பைன்
இந்தக் காற்றைத்தானே குடிக்கும்?
நாற்பதாவது சுற்றில்
புழு துளைத்த வத்தைப் பலகையாகிவிட்டது.

ஏழில் மட்டும் ஒரு சிட்டிகை இட்ரியம்.
ஐந்நூறு முடிந்தும் தோல் விடவில்லை.

நேற்று கோயம்புத்தூரிலிருந்து
கம்பெனிக்காரர் சென்னியப்பன் வந்தார்.
‘ஆக்சிடேஷனே ஆகாதுன்னு
ஒரு வரி போட்டுக் குடுங்க மேடம்.’

மஃப்ரூஹா வளையலை ஆட்டிக் காட்டினாள்:
‘அப்படின்னா இதைத்தான் சார் மாட்டணும்.
என்ன, கொஞ்சம் சூடு ஏறினா ஒழுகிரும்.’

அவர் சிரிக்கவில்லை. நான் சொன்னேன்:
ஆகும்.
முதல் சில மணி நேரம் நன்றாகவே ஆகும்.
அப்புறம் ஆனதையே கதவாக்கிச் சாத்திக்கொள்ளும்.
அந்தக் கதவுக்குத்தான் நீங்கள் காசு வாங்குகிறீர்கள்.

டீயைக் குடித்துவிட்டு
ராமநாதபுரத்துக்கு அடுத்த பஸ் எப்போது என்று கேட்டார்.

எழுதினேன்:
எடை கூடுதல், சதுர சென்டிமீட்டருக்கு
பூஜ்யம் புள்ளி ஏழு மில்லிகிராம்.
உரிதல் இல்லை.
உப்புச் சோதனை, பாக்கி.

கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தால்
விரலில் பழுப்பு.
பேனாவின் கிளிப்பிலிருந்து வந்திருக்கிறது.
போன மாதம் வாங்கிய பேனா.