பி-2 தளத்தில் முதல் விசில்

பீன்யாவில் வண்டியைக் கட்டித் தந்த நஞ்சப்பா
சமையலுக்கு இருபத்திரண்டு கிலோ என்றார்.
கேஸ் சிலிண்டரும் சேர்த்தா என்று கேட்டேன்.
சிரித்தார்.
சேர்த்துத்தான்.

அன்றிரவே பழைய பேப்பர்காரரிடம்
கொக்கித் தராசைக் கடன் வாங்கினேன்.
முள் எப்போதும் நூறு கிராம் தன் பக்கம் சாயும்,
அதைக் கழித்துக்கொள்ளுங்கள் என்றார்.
நேர்மையானவர்.

முதலில் விழுந்தது கிரைண்டர்.
அப்புறம் மிக்சி, இன்வெர்ட்டர் தாங்காதாம்.
வார்ப்பிரும்பு தோசைக்கல் இரண்டரைக் கிலோ.
எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன்.
ஏழு வருஷம் எண்ணெய் குடித்துக் கறுத்த கல்.
இவ்வளவு பொறுமையாக
நான் யாரையும் பழக்கியதில்லை.
செல்வின் தன் ஸ்பானர் பெட்டியைத் திறந்து
இரண்டரைக் கிலோவை வெளியே எடுத்து வைத்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
காலையில் அதில் பாதி
மறுபடி உள்ளே இருந்தது.
நானும் ஒன்றும் சொல்லவில்லை.

காதில்லாமல் இருப்பதும் ஒரு நல்ல குணம் என்று
அதுவரை எனக்குத் தெரியாது:
ஒன்றுக்குள் ஒன்றாய் உட்காரும் மூன்று பாத்திரம்,
மூன்றுக்கும் ஒரே இடுக்கி.
அஞ்சறைப்பெட்டி ஆகாது.
வேகத்தடையில் கடுகு
மஞ்சளுக்குள் குடியேறிவிடும்.
இந்த ஊரில் வேகத்தடைகளுக்கு நடுவேதான்
கொஞ்சம் சாலை போட்டிருக்கிறார்கள்.
ஆகவே திருகுமூடி டப்பாக்கள் ஏழு,
பெருங்காயத்துக்கு மட்டும் மூடிமேல் மூடி.
மூன்று லிட்டர் குக்கர். ஒரு கத்தி. ஒரு கரண்டி,
அதுவே குழம்புக்கும் அதுவே தாளிக்கவும்.
தட்டு இரண்டு. தம்ளர் இரண்டு.
மூணாவதா யாராவது வந்தா?
காட்டுக்குள்ள யாரு வரப்போறா, என்றான்.

இருபத்தொன்று தொள்ளாயிரம்.
மிச்சத்துக்கு ஒரு கொத்து கறிவேப்பிலை வைத்தேன்.
பேப்பர்காரரின் நூறு கிராம்
ஞாபகம் வந்தது.
எடுக்கவில்லை.

ஆர்.டி.ஓ.வில் கோப்பு நகரவில்லை.
எஞ்சின் இல்லாததை வண்டி என்று எழுத
ஒருவருக்கு மனசில்லை.
கதவு எண் இல்லாததை வீடு என்று எழுத
இன்னொருவருக்கு.
தூணுக்கும், உறை போர்த்திய யாரோ ஒருவரின் சான்ட்ரோவுக்கும் நடுவே
நூற்றுப் பதினான்காம் கட்டத்தில்
நான்கு வாரம் நின்றது எங்கள் பயணம்.

நான்காவது சனிக்கிழமை
சரிவுப்பாதை வாசல்வரை தள்ளிக்கொண்டுபோய்
பக்கக் கதவைத் தூக்கி
அடுப்பைப் பற்றவைத்தேன்.
வெளியே மழை. ஒயிட்ஃபீல்டு முழுக்க
ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.
துவரம் பருப்பு, இரண்டு தக்காளி,
அந்தப் பழைய கறிவேப்பிலை, காய்ந்து.

முதல் விசில்.
வீட்டில் அது ஒரு சத்தம்.
பி-2வில் அது ரயில்.
எண்பத்தாறு கார்களில் ஒன்றுக்குத் தாளவில்லை,
அலாரம் போட்டு அழுதது. அதைக் கேட்டு இன்னொன்று.
செக்யூரிட்டி பிப்லப்
சிவப்புத் தீயணைப்பானைக் குழந்தைபோல் அணைத்தபடி
ஓடிவந்து நின்றார்,
பின்னை இழுப்பதா வேண்டாமா என்ற முகத்தோடு.

போனில் செயலாளர் கல்பகா:
பி-2வில் யாருடைய குக்கர்?
கீழே, ஏழாம் மாடியிலிருந்து யாரோ:
பருப்பா? நெய் விடுங்க.

பிப்லப்புக்கு என் தட்டு.
செல்வினுக்கு அவன் தட்டு.
எனக்குக் குக்கர் மூடி, கவிழ்த்து,
வெயிட் போடும் ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு.
எவ்வளவு தூரம் போகும் இது, என்று கேட்டார் பிப்லப்.
லடாக் வரை, என்றான் செல்வின், வாய் நிறையச் சோற்றோடு.
ரசம் ஒழுகி என் முழங்கைக்கு வந்திருந்தது.

ராத்திரி தராசை மறுபடி மாட்டினேன்.
ஒரு தட்டு, இருநூற்றைம்பது கிராம்.
தோசைக்கல்லைப் பார்த்தேன்.
அதுவும் பார்த்தது.
ஸ்பானர் பெட்டியைத் திறந்து
ஒன்றை எடுத்து ஷூ அலமாரிக்குள் தள்ளினேன்.
பதினேழாம் நம்பர்.
அது எதற்கென்று எனக்குத் தெரியாது.
வண்டி நகராதவரை
அவனுக்கும் தெரியாது.