உப்புக்கட்டி

ஆனேக்கல் தாண்டி, காடு வந்து வேலியை முட்டும் இடத்தில்
மூன்று ஏக்கர். கோரமங்களாக்காரருடையது.
குதிரைமசால் போடு என்றார், ஓரமாகத் தட்டைப்பயறு.
வேலியில் கீழ்க்கம்பி இரண்டைத் தளர்த்து.
நடுவே ஓர் உப்புக்கட்டி,
மாட்டுக்கு வைப்பார்களே, அது.

மாடு இல்லையே சார்.

சிரித்தார்.

ஆவணியில் தழைத்தது. விடிவதற்குள் கொழுந்தெல்லாம் மொட்டை.
ஈர மண்ணில் பிளந்த குளம்புகள்.
கட்டி ஒரு பக்கம் நாக்கின் அளவுக்குக் குழிந்திருந்தது.
போனில் கணக்குச் சொன்னேன்: பெட்டை ஏழு,
கொம்பு வைத்தது ஒன்று.
நல்லா பாத்துக்கோ முனியல்லப்பா என்றார்.
தீபாவளிக்குச் சம்பளத்தோடு ஐந்நூறு கூட.

புங்கமரத்தில் பரண் கட்டச் சொன்ன அன்றுதான்
காரின் பின்சீட்டில்
கம்பளி சுற்றிய நீளத்தைப் பார்த்தேன்.
படம் பிடிக்கிற சாமான் என்றார்.
நான் கேட்கவே இல்லை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கவேண்டுமாம்.
எனக்கும் அவர்தான் இட்டார்,
அதுகளுக்கும்.

சனிக்கிழமை பொழுது சாய,
மூன்று நாள் துவைக்காத சட்டையைக் கழற்றி
தளர்ந்த கம்பியில், வரப்புக் கல்லில், கட்டியின் மேல்
தேய்த்துக்கொண்டே நடந்தேன்.
அதுவும் உப்புதானே.

இரவு முழுக்கப் பரணிலிருந்து
அவர் கொசு அடிக்கும் சத்தம் மட்டும்.